வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்

கள்ளக்குறிச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு, வணக்கம்.

மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 182. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் செயற்கை நுண்ணறிவு - தரவு அறிவியல் பி.டெக். சேர ஆண்டுக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். இந்த வாரத்துக்குள் 50,000 முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் கொழுந்தனாரோ, "இதை விட்டா எதிர்காலமே இல்ல அண்ணி" என்று தினமும் போன் செய்கிறார். பதறாதீர்கள், மகள் நல்ல மதிப்பெண்தான் எடுத்திருக்கிறாள். அந்த முன்பணத்தை மட்டும் கட்டாதீர்கள்.

முதலில் கணக்கு. நான்கு வருடமும் முழுக் கடன் என்றால் அசல் 12 லட்சம். படிக்கும் நான்கு வருடம், அதன்பின் ஒரு வருட அவகாசம், இந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும். ஆண்டுக்கு 3 லட்சமாக வாங்கும் கடனுக்கு, வாங்கிய நாளிலிருந்து 10 சதவீதத்தில் தனிவட்டியாகப் போட்டாலே 4 லட்சத்து 20 ஆயிரம் சேர்ந்துவிடும். பிறகு 16 லட்சத்து 20 ஆயிரத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 21,400 ரூபாய். விடுதி, சாப்பாடு இதில் இல்லை. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். உங்களிடம் இருப்பது அந்த ஒரு வீடு. 22 வயதுப் பெண்ணின் முதல் சம்பளத்தை நம்பி அந்தப் பத்திரத்தை வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தப் பட்டத்தையும் சோதித்துப் பாருங்கள். நுழைவாயில் பேனரில் இருக்கும் நாக் (தேசிய மதிப்பீட்டுக் குழு) தரம் முழு நிறுவனத்துக்கும் உரியது. ஒரு குறிப்பிட்ட படிப்புக்குத் தரச்சான்று தருவது என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியம். அதுவும் இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகுதான் கிடைக்கும். ஆகவே புதுப் பிரிவுகள் பலவற்றுக்கு அது இருக்காது. மெக்கானிக்கல் துறை வாங்கிய சான்றைக் காட்டிப் புதுப் பிரிவில் சீட் விற்பார்கள், ஏமாறாதீர்கள். "இந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா, எந்த ஆண்டு வரை?" என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்குக் கொடுத்த விவரத்தைக் கல்லூரி தன் இணையதளத்தில் வைத்திருக்கும். எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடு நிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ் வாங்குவது) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் வரும் 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒரே ஒருவருடையது. இன்னொன்று: 2024-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஒரே பிரிவில் எத்தனை செக்‌ஷன், பாடம் எடுக்க எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று கேட்காமல் வராதீர்கள்.

சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ. பற்றிச் சொல்ல ஊரில் ஆள் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எப்பப் பாத்தாலும் கூகுள் எர்த்துல எங்க ஊர் ஏரி எவ்வளவு சுருங்கிருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கா." முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான், அம்மா.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது. நில அளவை, செயற்கைக்கோள் படம், ட்ரோன் படம், ஜி.பி.எஸ்., இவற்றையெல்லாம் கணினியில் ஒன்றுசேர்த்து வரைபடமாகவும் விடையாகவும் மாற்றும் ஜி.ஐ.எஸ். ஆகியவைதான் பாடம். அதே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 200-ஐ ஒட்டி முடிந்துவிடும். இது அதற்கு வெகு கீழேதான் முடியும். ஆண்டுக் கல்விக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தொடாது. "சர்வேயா?" என்று முகம் சுளிக்கும் உறவினரிடம், அந்தக் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகப் பிறந்ததுதான் என்று சொல்லுங்கள்.

துறை மாறிவிட்டது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவு விதிகளைத் தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம். கிராம வீட்டுமனைகளுக்கு உரிமை ஆவணம் தரும் ஸ்வாமித்வா திட்டத்தில் கிராம நத்தம் பகுதிகளை சர்வே ஆஃப் இந்தியா ட்ரோன் வைத்து அளந்திருக்கிறது. 2022 முதல், எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் இந்தத் துறைக்கு ஜியோமேட்டிக்ஸ் என்ற பெயரில் தனித் தாளே வந்துவிட்டது. மேற்படிப்புக்கு டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எஸ். இருக்கிறது.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் கோடு வரைய மட்டும் தெரிந்தவர்கள் குறைந்த சம்பளத்தில் டிஜிட்டைசிங் (படத்தைப் பார்த்துக் கணினியில் கோடாக வரைவது) வேலையிலேயே தேங்கிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பைத்தான் என்ற நிரல் மொழியும், போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் அளவுக்கு எஸ்.க்யூ.எல். மொழியும் கையில் இருக்க வேண்டும். கோடிங்கே வேண்டாம் என்பவளுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது.

அவளுக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம். க்யூஜிஐஎஸ் என்பது இலவச ஜி.ஐ.எஸ். மென்பொருள். ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஏரி இருக்கும் பகுதியின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இரண்டை இறக்கச் சொல்லுங்கள்: மே மாதத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று. மேகம் 10 சதவீதத்துக்கும் குறைவான நாளாகத் தேர்ந்தெடுக்கட்டும். க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் மூன்றாம் பட்டையிலிருந்து (பச்சை ஒளி) எட்டாம் பட்டையை (அண்மை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். விடை பூஜ்யத்துக்கு மேல் வரும் இடம் பெரும்பாலும் தண்ணீர். படத்தின் ஒரு கட்டம் (பிக்ஸல்) தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நூறு கட்டம் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.

முதல் முறை தப்பாகத்தான் வரும். ஏரி எல்லையைத் தனி அடுக்காக வரைந்து, அதை அட்சரேகை - தீர்க்கரேகை முறையிலேயே விட்டுவிட்டால் பரப்பளவு அர்த்தமில்லாத எண்ணாக வரலாம்; மீட்டரில் அளக்கும் யூ.டி.எம். முறைக்கு, உங்கள் பகுதிக்கு உரிய 44 வடக்கு மண்டலத்துக்கு, மாற்ற வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர், தண்ணீராகவே கணக்கில் வராது. மேக நிழல் தண்ணீர் போலக் காட்டும். இந்தத் தப்புகளைத் தோண்டிக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறாளா, இரண்டாம் நாளே மூடி வைக்கிறாளா என்று கவனியுங்கள். மூடி வைத்தால் இதையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

"பொம்பளப் புள்ள வெயில்ல அளந்துக்கிட்டுத் திரியணுமா" என்று மாமியார் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். சர்வே முகாமில் வெயில் உண்டு. ஆனால் இந்தத் துறையில் பெரும்பகுதி வேலை கணினி முன்னால்தான். களத்துக்குப் போவது அவளுக்குப் பிடித்திருந்தால் அதை மறுக்க உறவினருக்கு உரிமையில்லை.

கவுன்சலிங்கில் விருப்ப வரிசைதான் எல்லாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. தளத்தில் போன வருடம் உங்கள் சமூகப் பிரிவுக்கு இந்தப் படிப்பு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். கொஞ்சம் எட்டாததுபோல் தெரிந்தாலும் முதல் இடத்தில் இதையே போடுங்கள். 'எப்படியும் கிடைத்துவிடும்' என்ற கல்லூரியை மேலே வைத்தால் அதுதான் ஒதுக்கப்படும். கீழே உள்ளதைக் கணினி திரும்பிப் பார்க்காது. கீழே உள்ள விருப்பம் கிடைத்தால், அதை ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். இதற்கிடையில் யார் கேட்டாலும் மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது.