மூன்று அரிசி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள்

சக்கர வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. டல்லஸ் பக்கம் இருக்கிறோம். எனக்கு 61, மனைவிக்கு 57. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள 25 அடி ஆர்.வி. வண்டி ஒன்று வாங்கினோம். ஏப்ரலில் கிளம்பி யூட்டா, அரிசோனா என்று இரண்டு மாதம் சுற்றத் திட்டம். பின்னால் காரைக் கட்டி இழுத்துப்போகும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் பேட்டரி மோட்டார் வைத்த மடக்குச் சைக்கிள், அதாவது இ-பைக், இரண்டு வாங்கலாம் என்று பார்த்தால் 1,000 டாலருக்கும் இருக்கிறது, 4,000 டாலருக்கும் இருக்கிறது. தடித்த டயர், மெல்லிய டயர், 500 வாட், 750 வாட் என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எனக்கு முழங்கால் வலி வேறு. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாட்டையும் வோல்ட்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊர் இந்தியக் கடைக்குப் போய் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை மூன்று வாங்குங்கள். எப்படியும் சாப்பிடத்தானே போகிறீர்கள். மூன்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். தரையிலிருந்து தூக்கி, சமையல் மேடை மேல் வையுங்கள். திரும்ப இறக்குங்கள். அடுத்து உங்கள் வீட்டம்மாவையும் ஒரு முறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்குப் பிறகு எந்தச் சைக்கிள் என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

20 அங்குலச் சக்கரமும் 4 அங்குலத் தடித்த டயரும் போட்டு 1,000 டாலர் வாக்கில் விற்கும் மடக்கு இ-பைக்குகள் அநேகமாக எல்லாமே 60 முதல் 70 பவுண்டு வரை இருக்கும். மடக்கினால் உருவம்தான் பாதியாகும், எடை அப்படியே இருக்கும். விளம்பரத்தில் ஒரு பெண் பத்து வினாடியில் மடக்கிவிட்டுச் சிரிப்பாள். அதை அங்கிருந்து யார் தூக்கி எங்கே வைத்தார்கள் என்று காட்டவே மாட்டார்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது அப்படி ஒன்றைத்தான். மிச்சிகனில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து மடக்கிப் பழகினோம். கைப்பிடித் தண்டைச் சாய்த்து, சீட்டை இறக்கி, நடுச் சட்டத்தின் பூட்டைத் திறந்தால் சைக்கிள் இரண்டாக மடங்கும். மடங்கும் அந்த நேரத்தில்தான் வம்பு. முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி என் கணுக்கால் மேலெலும்பில் வந்து இடித்தது. கட்டி வைத்தால்தான் சேர்ந்து நிற்கும், இல்லாவிட்டால் தூக்கும்போது விரிந்துகொள்ளும். சரி, கட்டியாயிற்று. வண்டியின் பக்கவாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளப் போனால், உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் அறைக் கதவு சின்னது. நான் அளந்தது உள்ளளவை. கதவை அளக்கவில்லை. 64 பவுண்டை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரும் நானும் அதைப் படுக்கவைத்து, புரட்டி, குப்புறக் கவிழ்த்து என்னென்னவோ பார்த்தோம். கடைசியில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்தப் பயணம் முழுக்கச் சைக்கிள் ஆர்.வி.க்குள் நடைவழியில்தான் நின்றது. இரவில் கழிவறைக்குப் போனால் அதைச் சுற்றிப் போக வேண்டும். செயின் எண்ணெய் என் நைட்டியில் போட்ட கறை இன்றும் போகவில்லை.

ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவின் திறப்பை அளந்து எழுதி வையுங்கள். பிறகு சைக்கிளின் மடக்கிய அளவைப் பாருங்கள். அதில் உயரம்தான் பெரும்பாலும் இடிக்கும்.

உள்ளே வைக்க முடியாது என்றால் வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மாட்டும் ரேக். அப்படியானால் மடக்குச் சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரேக்கில் போவதென்றால் மடக்காத சைக்கிளே நல்லது, இணைப்பும் பூட்டும் குறைவு, ஆட்டமும் குறைவு. ஆனால் ரேக் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். காருக்கு என்று விற்கும் ரேக்குகள் பலவற்றை ஆர்.வி.யில் மாட்டக் கூடாது என்று அவற்றின் குறிப்பேட்டிலேயே போட்டிருப்பார்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் நம் வண்டியின் வால் பல அடி நீண்டிருக்கிறது இல்லையா, ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் அந்த நுனி ஊஞ்சல் மாதிரி எகிறும். ஆர்.வி.க்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா, ஒரு சைக்கிளுக்கு எத்தனை பவுண்டு, 4 அங்குல டயர் அதன் தட்டில் உட்காருமா, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பின்பக்க ஏணியில் மட்டும் தொங்கவிட்டுவிடாதீர்கள். அது ஆள் ஏறுவதற்கு. ரேக்கில் ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் 7, 8 பவுண்டு குறையும், மழைக்கும் பயமில்லை.

இனி உங்கள் முழங்கால். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இ-பைக்கை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை, பெடல் போட்டால் மட்டும் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைலோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாம் வகையில் கையால் முடுக்கும் த்ராட்டில் உண்டு, பெடல் போடாமலும் போகலாம், அதற்கும் 20 மைல்தான். மூன்றாவது 28 மைல் வரை பெடல் உதவி. முழங்கால் வலிக்காரர் என்றால் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு த்ராட்டில் வைத்ததைக் காட்டுவார். மேட்டில் நின்று கிளம்பும்போது அது கைகொடுக்கும், நிஜம்தான். ஆனால் நீங்கள் போகும் இடம் தேசியப் பூங்காக்கள். அங்கே இ-பைக்கை எங்கே விடுவது என்பதை அந்தந்தப் பூங்காதான் முடிவு செய்கிறது. யூட்டாவின் சயான் பூங்காவில் ஆற்றோரமாகப் போகும் பாரஸ் பாதையில் முதல் வகைக்கு மட்டும்தான் அனுமதி. மெயின் மாநிலத்து அகேடியாவில் ராக்ஃபெல்லர் போட்டுக்கொடுத்த 45 மைல் சாரட்டுப் பாதைகளிலும் அப்படியே. நான் த்ராட்டிலைத் தொடவே மாட்டேன் என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பயனில்லை, சைக்கிளில் ஒட்டியிருக்கும் வகைச் சீட்டைத்தான் பார்ப்பார். எங்கள் மிச்சிகனிலேயே மாக்கினா தீவு இருக்கிறது. 1898-லிருந்து கார் விடாத ஊர். அங்கே முதல் வகையும்கூட, நடமாடச் சிரமம் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, முதல் வகையில் டார்க் சென்சார் வைத்ததாகப் பாருங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் கேடன்ஸ் சென்சார் இருக்கும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது தெரியாது. சிக்னலில் ஒற்றைக் காலைப் பெடலில் வைத்துக் கிளம்பினால், ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் பாயும். 25 வயதில் அது வேடிக்கை. டார்க் சென்சார் நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைப் பார்த்து அதற்கு ஏற்ப இழுக்கும், மேட்டில் கிளம்பும்போதும் முழங்காலுக்குச் சுமை குறையும். வாங்கும் முன் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஏறி இறங்கச் சட்டம் தாழ்ந்த மாடலாக இருக்கட்டும். என் மாதிரி சுடிதாரில் ஓட்டுபவர்களுக்கு அது ரொம்ப அவசியம்.

எடையில் எதிர்முனை என்றால் ப்ராம்ப்டன் கம்பெனியின் மடக்கு இ-பைக். பேட்டரியோடு 40 பவுண்டுக்குள் அடங்கும், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வைத்துவிடலாம், ஆனால் விலை 3,000 டாலருக்கு மேல். சின்னச் சக்கரம், மெல்லிய டயர், கேம்ப்கிரவுண்டின் சரளைக் கல்லில் பல் ஆடும். டெர்ன் கம்பெனியின் வெக்ட்ரான் மாடல் நடுவில் நிற்கிறது. ஏறக்குறைய 50 பவுண்டு, போஷ் மோட்டார். தடித்த டயர்க்காரர்களின் கட்சியும் ஒன்று உண்டு. டயரில் காற்றைக் குறைவாக வைத்தால் மணலிலும் சரளையிலும் மெத்தை மாதிரி போகும். நான் இப்போது ஓட்டுவது 46 பவுண்டில், 2 அங்குலத்துக்குச் சற்று அதிகமான டயர் போட்ட ஒன்று. வேகம் கம்மி, ஆனால் நானே தூக்குகிறேன்.

இனி பேட்டரி. விற்பவர் 45 மைல் ஓடும் என்பார். பேட்டரி மேல் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்ப்-ஹவரையும் பெருக்குங்கள், அதில் எவ்வளவு மின்சாரம் இருக்கும் என்பது வாட்-ஹவரில் வரும். 48 வோல்ட், 10.4 ஆம்ப்-ஹவர் என்றால் சுமார் 500 வாட்-ஹவர். கனமான சைக்கிளில் மோட்டாரை நம்பிப் போனால் மைலுக்கு 20 வாட்-ஹவர் தின்னும் என்பது என் கணக்கு. அப்படியானால் 25 மைல். உங்களுக்கு அது போதும். பால் வாங்கவும், பார்க்க வேண்டிய இடத்துக்குப் போய்வரவும்தானே. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் ஒயர் எல்லாம் மாட்டி வண்டியைச் சமமாக நிறுத்திய பிறகு, தயிர் இல்லை என்று அத்தனையையும் கழற்றிக்கொண்டு கிளம்பிய கொடுமை உங்களுக்கும் நடந்திருக்கும்.

கரண்ட் மாட்டும் இடங்களில் சார்ஜ் செய்வது பெரிய விஷயமே இல்லை, சார்ஜர் 100, 150 வாட்தான் இழுக்கும். கரண்ட் இல்லாத இடத்தில்தான் கணக்குப் போட வேண்டும். ஆர்.வி.க்குள் விளக்கு, விசிறிக்கு உள்ள பேட்டரி 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் என்றால் அதில் இருப்பது சுமார் 1,280 வாட்-ஹவர். காலியான இரண்டு சைக்கிளை அதில் மாட்டினால், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து ஏறக்குறைய மொத்தமும் போய்விடும். யூட்டாவில் மோவாப் பக்கம் அரசாங்கத் தரிசு நிலத்தில் நிறுத்தியிருந்தபோது நாங்கள் இரண்டையும் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கால் விறைத்து எழுந்தேன். ஹீட்டர் ஓடவில்லை. கேஸ் நிறைய இருக்கிறது, அதன் விசிறியைச் சுற்றத்தான் 12 வோல்ட் இல்லை. இரண்டு கம்பளி, ஒரு போர்வை, மிச்சமிருந்த ரசத்தைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து பகல் வெயிலில், ஒரு நேரத்தில் ஒரு சைக்கிள் என்று வைத்திருக்கிறோம். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் யூட்டா வெயிலுக்கு ஒரு சைக்கிளுக்குத் தாராளம்.

ராத்திரியில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லித்தியம் பேட்டரி அபூர்வமாகத்தான் தீப்பிடிக்கும், பிடித்தால் லேசில் அணையாது. 25 அடி வண்டியில் வீட்டுப் பகுதிக்குப் பெரும்பாலும் கதவு ஒன்றுதான், கூடவே அவசர ஜன்னல். அந்தக் கதவருகே பேட்டரியை வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு யாராவது தூங்குவார்களா? நாங்கள் தூங்கினோம். இப்போது வெளியே, நிழல் துணிக்கு அடியில், பிக்னிக் மேஜை மேல் வைத்துத்தான். நியூயார்க் நகரத்தில் இத்தகைய தீ விபத்துகள் கூடிப்போய், 2023 செப்டம்பரிலிருந்து யு.எல். 2849 என்ற மின் பாதுகாப்புச் சான்று இல்லாத இ-பைக்கை விற்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். நீங்கள் டல்லஸில் இருந்தாலும் அந்த எண்ணைக் கேட்டே வாங்குங்கள். சைக்கிளோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு 7,000 அடி உயரம், ஏப்ரல் இரவில் உறையும். உறைகுளிரில் கிடந்த பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள், உள்ளே கொண்டுவந்து குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

கிராண்ட் கேன்யன் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் ரோட்டில் தனியார் கார் விடமாட்டார்கள். ஏழு மைல், பள்ளத்தாக்கின் ஓரமாகவே. பஸ்ஸும் சைக்கிளும்தான். காலை ஆறரைக்குப் போங்கள்.

கேள்வி: வாடகை ஆர்.வி.யில் இரண்டு வாரம் மட்டும் போகிறோம். எங்களுக்கும் இ-பைக் வாங்குவது லாபமா? – நியூ ஜெர்சி வாசகி

பதில்: வேண்டாம்மா. வாடகை வண்டியில் பெரும்பாலும் ரேக் மாட்டவும் விடமாட்டார்கள், உள்ளே வைத்துச் சீட்டுத் துணி கிழிந்தால் அதற்கும் பணம் கேட்பார்கள். சயானுக்கு வெளியே ஸ்ப்ரிங்டேல், அகேடியாவுக்குப் பக்கத்தில் பார் ஹார்பர், இரண்டு ஊரிலும் இ-பைக் வாடகைக்குக் கிடைக்கும். அந்தப் பூங்காவில் எந்த வகை செல்லும் என்று அந்தக் கடைக்காரர்களுக்கு அத்துப்படி.

கேள்வி: பயணம் முடிந்ததும் சைக்கிளை மதுரையில் அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மடக்குச் சைக்கிள்தானே, பெட்டியில் போட்டால் விமானத்தில் விடுவார்களா? – சிகாகோ வாசகர்

பதில்: சைக்கிளை விடுவார்கள், பேட்டரியை விடமாட்டார்கள். விமானத்தில் பயணி கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 160 வாட்-ஹவர்தான் உச்சவரம்பு, 100-க்கு மேல் போனாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே நாம் கணக்குப் போட்ட இ-பைக் பேட்டரியே 500. போய்ச் சேர்ந்தாலும் இந்தியாவில் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் சைக்கிள் கணக்கு. மீறினால் பதிவு, நம்பர் பிளேட் என்று அப்பாவை அலையவிடுவீர்கள். அங்கேயே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ஓட்டிப் பார்த்து அவரே தேர்ந்தெடுக்கட்டும்.