கால் கழுவ ஒரு பைப்

கேள்வி: உப்புவெளியில் 9 அறைகளோடு ஒரு கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிறேன். 11 பேர் வேலை செய்தார்கள். சம்பளத்தைத் தேதிக்குக் கொடுக்கிறேன், சேர்விஸ் சார்ஜைப் பிரித்துக் கொடுக்கிறேன். போன வருடம் எல்லாரையும் நுவரெலியாவுக்கு ட்ரிப் கூட்டிப்போனேன். 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று படம்கூட மாட்டுகிறேன். ஆனாலும் பெடியள் சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போனோடு குந்திவிடுகிறார்கள். ஓகஸ்ட் நடுவில், சீசன் உச்சத்தில், இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். என்னில் என்ன குறை, அக்கா?
- உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, கட்டாருக்குப் போன இருவரையும் முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சம்பளத்தோடு நீங்களும் போட்டி போட முடியாது, நானும் முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு திருகோணமலையில் பாஸ்போர்ட் எடுக்காத பெடியனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கவலை மிச்சம் இருக்கிற ஒன்பது பேர்.

நான் கரையோர ஹோட்டல் ஒன்றில் 19 வருடம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தவள். கடைசி எட்டு வருடம் சுப்பர்வைசர். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், அதிலிருந்தே பிடித்துக்கொள்வீர்கள்.

கடலில் குளித்துவிட்டு விருந்தினர் நேரே மாடிக்கு வருவார்கள். படியில் மண், கொரிடோரில் மண், கட்டில் விரிப்பில் மண், ஷவர் வடிகாலிலும் மண். ஒரு அறைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மண்ணுக்கே போகும். கிண்ணியாவிலிருந்து வந்த, அறை துப்புரவாக்கும் பெடியன் ஒருவன் என்னிடம், "மிஸ், படிக்குக் கீழே கால் கழுவ ஒரு பைப்பும் தும்புக் கால்மிதியும் போட்டால் பாதி மண் அங்கேயே நின்றுவிடும்" என்றான். நல்ல யோசனை, மேலே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒரு பைப்புக்காக மனேஜர் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்தினான். அப்புறம் விட்டுவிட்டான்.

அவன் பைப்பை மட்டும் விடவில்லை. முன்பெல்லாம் ஒரு பல்ப் மங்கினாலும், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும் அவனே வந்து சொல்வான். அந்த சீசன் முடிகிறபோது, விருந்தினர் முறைப்பாடு செய்தால்தான் எனக்கு எதுவும் தெரியும். கொடுத்த அறைகளை நேரத்துக்கு முடிப்பான், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. உங்கள் பெடியளைப் போலத்தான், சொன்னதை மட்டும் செய்வான். அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரி ஒருத்தி அதே பைப்பை வரவேற்பறையில் கேட்டாள். இரண்டே நாளில் வந்தது. பைப் பூட்டுகிறவர் நட்டை முறுக்கிக்கொண்டிருக்க, அவன் துணி வண்டியோடு பக்கத்தால் போனான். பைப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் இதைப் பற்றி எழுதினார். ஆட்கள் எப்போது வேலைக்குள் தங்களைப் போடுகிறார்கள், எப்போது உருவி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க அவர் போன இடங்களில் ஒன்று ஒரு கோடைகால முகாம். கொஞ்சக் காலம் ஓடி மூடுகிற இடம், எங்கள் சீசன் மாதிரி. அவர் கண்டது மூன்று. செய்வதில் ஏதோ பொருள் இருக்கிறது என்று தோன்ற வேண்டும். வாயைத் திறந்தால் தனக்கு ஆபத்து வராது என்ற தைரியம் வேண்டும். அன்றைய வேலைக்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

தெம்பு என்றதும் கேட்கத் தோன்றுகிறது, டியூட்டி ரோஸ்டரை எப்போது ஒட்டுகிறீர்கள்? முதல்நாள் இரவு என்றால் அங்கேயே பாதி வருத்தம் இருக்கிறது. நாளை லீவா இல்லையா என்று தெரியாதவன் அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போவதாக எப்படிச் சொல்வான்? இரண்டு கிழமைக்கு முன்பே ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டி வந்தால், போய்க் கேளுங்கள். அறிவிக்காதீர்கள்.

படம் மாட்டுவதை நிறுத்தலாம். பதினொரு பேரில் ஒருவரின் படத்தை மாட்டினால் பத்துப் பேருக்கு மாதாமாதம் 'நீ இல்லை' என்று சொன்ன மாதிரி. எங்கள் ஹோட்டலிலும் இது இருந்தது. கடைசியில் சண்டை வரக்கூடாதென்று சங்கக்கடை வரிசை மாதிரி முறை வைத்துக் கொடுத்தோம். சமையல்காரர் தன் முறைக்குக் கல்யாண வீட்டுப் படத்தைக் கொண்டுவந்தார், மாலையோடு. அதைச் சுவரில் மாட்டியபோது பார்த்தவர்கள் பதறிவிட்டார்கள்.

காலப் என்ற நிறுவனம் ஊழியரிடம் கேட்க 12 கேள்வி வைத்திருக்கிறது. முதல் கேள்வி, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா? இரண்டாவது, வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான பொருட்கள் என்னிடம் இருக்கின்றனவா? ட்ரிப் எல்லாம் இதற்குப் பிறகுதான். நான்காவது, கடந்த ஏழு நாளில் யாராவது என் வேலையைப் பாராட்டினார்களா? ஏழு நாள் என்பதைக் கவனியுங்கள். வருடக் கடைசியில் விருந்து வைத்து அதை ஈடுகட்ட முடியாது.

ஒரு கொப்பி வாங்குங்கள். விடிய ஏழரைக்குப் பிளேன்டீயோடு பத்து நிமிடம் நின்று, என்ன உடைந்திருக்கிறது, என்ன தடையாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சொன்னவர் பெயர், தேதி, என்ன செய்தோம், மூன்றையும் எழுதுங்கள். முடியாதென்றால் அந்தக் கிழமைக்குள்ளேயே முடியாது, இன்ன காரணம் என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். யாரோ ஒருவர் சோதித்துப் பார்க்க வண்டிச் சில்லு கிறீச்சிடுகிறது என்பார். அதை அன்று பின்னேரமே திருத்துங்கள்.

இன்னொன்று, தம்பி. சேர்விஸ் சார்ஜ் பற்றி எழுதினீர்கள், ட்ரிப் பற்றி எழுதினீர்கள். ஊழியர் சேமலாப நிதி (EPF) பற்றி ஒரு வரி இல்லையே? உங்கள் பங்கு 12 வீதம், அவர்கள் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நீங்கள் கட்ட வேண்டியது 3 வீதம். கட்டுகிறீர்கள் என்றால் மன்னியுங்கள். கட்டவில்லை என்றால் கொப்பி வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள், முதலில் இதைச் செய்யுங்கள். மாரி தொடங்கி அறைகள் காலியானதும் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள். ஓகஸ்டில் போனோடு குந்தியிருக்கும் பெடியன் வேறு வேலைதான் தேடிக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

கேள்வி: நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை. கூட வேலை செய்தவர்களுக்கே என்னை மேற்பார்வையாளராக்கிவிட்டார்கள். நான் கிட்டப் போனால் கதையை நிறுத்துகிறார்கள்.
- திருகோணமலை வாசகி

பதில்: நிறுத்தட்டும், மகள். முதலாளியைப் பற்றி நீங்களும் முன்பு அங்கே நின்றுதானே கதைத்தீர்கள்? பழைய சிநேகிதத்தை இழுத்துப் பிடிக்க ஒருத்திக்கு மட்டும் லீவு விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் கையை விட்டுப் போவார்கள். தீபாவளி நேரம் எல்லாரும் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள், துணி மடியுங்கள். மேலதிக நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதி முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கடைச் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை, அதற்கு மேல் போனால் காசு. அதை ஒரு தடவை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், கதை நிற்கிறதா என்று.

கேள்வி: வேலை நேரத்தில் ஊழியரின் போனை வாங்கி வைத்தால் கவனம் கூடுமா?
- கன்னியா வாசகர்

பதில்: எங்கள் லோண்டரியில் ஒரு மாதம் வாங்கி வைத்துப் பார்த்தோம். ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.