பரஸ்பர சம்மத விவாகரத்து: கையெழுத்திடும் முன் எதைப் படிக்க வேண்டும்?

இருவரும் மனமொத்துப் பிரியும்போது வழக்கறிஞர் தரும் தாள்கள் என்னென்ன, அவற்றில் எதை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கலாகும் கூட்டு மனு, ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்வதையும், சேர்ந்து வாழ இயலாததையும், மணமுறிவுக்கு இருவரும் இசைந்ததையும் கூற வேண்டும். அதிலுள்ளவை உண்மை என உறுதிகூறும் பிரமாணப் பத்திரங்களும் திருமணச் சான்றும் உடன் வைக்கப்படும்.

என் கருத்தில், மிகுந்த கவனத்துக்குரியது, இருவரும் பேசி முடித்த நிபந்தனைகளை எழுதிவைக்கும் சமரச ஒப்பந்தமே. ஜீவனாம்சத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வழியாகத் தரப்படும், நகைகள் யாருக்கு, குழந்தை யாருடன் வளரும், மற்றவர் எந்த நாட்களில் பார்க்கலாம், நிலுவையிலுள்ள பிற வழக்குகள் எப்போது திரும்பப் பெறப்படும் என்பவை ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள்.

மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்தபின், அதே நாளிலிருந்து 18 மாதத்துக்குள் இருவரும் நீதிமன்றத்தில் மணமுறிவை மீண்டும் கோர வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவுபடுத்தியது. தீர்ப்பாணை பிறக்கும்வரை ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொள்ளலாம் என்பதால், தொகையில் ஒரு பகுதியை இறுதி விசாரணை நாளில் தருவதாக எழுதுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலில் பெயர்களும் திருமணத் தேதியும் சரியாக உள்ளனவா எனப் பார்த்து வாங்குங்கள்.