லெகோ மாதிரி பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விண்கலப் பொம்மை கட்டும் பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பிடிப்பை. ஒரு கட்டையின் குமிழ் அடுத்ததன் அடிக்குழாயோடு இறுகி நிற்பதுதான் பிடிப்பு. நல்ல ஏபிஎஸ் பிளாஸ்டிக் லேசாக வளைந்து கொடுத்து இறுக்கும். மட்டமான வார்ப்பில் நூலிழை வித்தியாசமே போதும். எவர்சில்வர் டப்பா மூடி மாதிரி, ஒன்று கழன்று விழும், இல்லையென்றால் நகம் பெயரும்.

விண்கலத்தில் முதலில் தொங்குவது இறக்கை. வெளியே நீண்டிருப்பதால் பாரமெல்லாம் அடியிலுள்ள சில குமிழ்கள்மேல் விழுகிறது. வேலூர் லாங் பஜாரில் பெரிய பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்ல முடியாது; அதே கம்பெனியின் சின்னப் பாக்கெட் வாங்கிச் சோதியுங்கள். மூன்று தட்டைத் துண்டுகளை அடுக்கினால் சரியாக ஒரு கட்டையின் உயரம், 9.6 மி.மீ., வரவேண்டும். வராவிட்டால் கலத்தின் மூக்கில் இடுக்கு தெரியும். கட்டியதை ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள், வெள்ளையும் சாம்பலும் மஞ்சளடிக்கும்.

துண்டு எண்ணிக்கை கூடினால் கலம் பெரிது என்பது தப்புக்கணக்கு. அதில் பாதி ஒற்றைக் குமிழ்ப் பொடிகளாகவும் இருக்கலாம்.