முகத்துவாரம் போகும் மலைக்காரர்களுக்கு

ஜனவரியில் நீலகிரியிலிருந்து பிச்சாவரம் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை. கேமரா கேள்விகளை நான் தொடவில்லை.

குன்னூர்: அக்கா, விடிகாலையிலேயே போய்விட்டால் போதும்தானே?

நம் சோலைக்கு அது சரி. அங்கே ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிக் கரைப்பறவைகள் இரை தேடிச் சேறு முழுக்கச் சிதறிக் கிடக்கும், பைனாகுலரில் வெறும் புள்ளிகள். நீர் ஏற ஏற மிச்சமிருக்கும் திட்டுக்குக் கூட்டமாக ஒதுங்கும். அதனால் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், சனிக்கிழமை நேரம் ஞாயிறுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும். ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பிவிடாதீர்கள். வடக்கே திரும்பிப் பறக்கச் சேர்க்கும் கொழுப்பைத்தான் வீணடிக்கிறீர்கள்.

ஊட்டி: பூநாரை இருக்குமா?

அதற்குக் கோடியக்கரை உப்பளப் பக்கம் போங்கள்.

கோத்தகிரி: உள்ளான் வகை எதுவும் நம் மலை ஏறாது, அதுதான் இவ்வளவு தூரம் போகிறோம்.

யார் சொன்னது தம்பி? உட்காக் (woodcock) என்ற பறவை உள்ளான் குடும்பம்தான். இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் சோலைகளுக்கு வருகிறது. வெள்ளைக்காரத் துரைகள் இங்கே அதைத் தேடித் தேடிச் சுட்டார்கள். பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிக்கப் போனால்தான் எழும். அந்தியில் ஈர நிலத்துக்கு வந்து நீள அலகை மண்ணுக்குள் விட்டு, நுனியை மட்டும் திறந்து மண்புழுவைப் பிடிக்கும். கண்கள் தலையில் பின்தள்ளி இருப்பதால் குனிந்திருக்கும்போதே முதுகுப்பக்கமும் தெரியும்.

கோத்தகிரி: கடற்கரையையே எட்டிப் பார்க்காததை எப்படி உள்ளான் கணக்கில் சேர்ப்பது?

நிற்கும் இடத்தை வைத்தா குடும்பம் பிரிப்பது? புல்வெளியில் கத்துகிற ஆள்காட்டிகூட உப்புக்கொத்திக்குச் சொந்தம்தான்.

குன்னூர்: நானும் அக்கா கட்சி. தேயிலைக்குள் ஒருமுறை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

எழுப்பாதீர்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

கூடலூர்: போனில் குரல் போட்டால் வருமா?

போடாதீர்கள். எந்தப் பறவைக்கும்.

ஊட்டி: பூநாரைக்கு எங்கே போகச் சொன்னீர்கள்?

மேலே படியுங்கள்.

கூடலூர்: சேற்றில் இறங்கி நடக்கலாமா?

கூடாது, கால் புதையும், பறவையும் கிளம்பிவிடும். படகில் போங்கள், ஸ்வெட்டரை வைத்துவிட்டுத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.