திட்டினால் மார்க் ஏறுமா? – உளவியல் கேள்வி பதில்

(பதில் அளிப்பவர்: மகளிர் கல்லூரி ஒன்றில் 28 ஆண்டுகள் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை)

என் மகள் பி.எஸ்ஸி. உளவியல் முதலாண்டு படிக்கிறாள். மனித மனதைப் புரிந்துகொள்ளலாம் என்று ஆசையாகச் சேர்ந்தவள். முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல், கன்ட்ரோல் குரூப் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கூட்டமாம்), ஆய்வுமுறை என்று வந்து நிற்கிறது. தினமும் அழுகிறாள். மனதைப் படிக்க இதெல்லாம் எதற்கு?
– ஒரு தாய், தேனி

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள் அம்மா. ஒரு குதிரைக் கதை சொல்கிறேன்.

1904-ல் பெர்லின் நகரமே ஹான்ஸ் என்ற குதிரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த குதிரை. கூட்டல், கழித்தல் எது கேட்டாலும் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. கார்ல் ஸ்டும்ப் என்ற உளவியலாளரின் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. வாத்தியார் நாணயமான மனிதர்தான், அதில் சந்தேகமே இல்லை.

அதோடு விட்டிருந்தால் குதிரைக்குக் கணக்கு தெரியும் என்று நம் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் விடவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி அட்டைகளைக் காட்டவைத்தார். விடை தெரிந்தவர் கேட்டபோது ஏறக்குறைய எல்லாமே சரி. தெரியாதவர் கேட்டபோது பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. குதிரையின் கண்ணுக்கு மறைப்புக் கட்டினாலும் அதே தடுமாற்றம்தான்.

அப்புறம் அவர் குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தன்னை அறியாமல் லேசாகக் குனிகிறார். தட்டுகள் சரியான எண்ணுக்கு வந்ததும் தலை ஒரு நூல் அளவு நிமிர்கிறது. குதிரை அதைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறது. ஃபுங்ஸ்ட் தாமே குதிரை இடத்தில் உட்கார்ந்தார். எதிரே இருப்பவர் மனதுக்குள் ஒரு எண்ணை நினைக்க, இவர் கையால் தட்டினார். பெரும்பாலானவர்களின் தலை அவரிடமும் விடையைச் சொல்லிவிட்டது. 1907-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

நாளைக்கு உங்கள் மகள் ஒரு குழந்தையிடமோ மனம் நொந்து வந்தவரிடமோ கேள்வி கேட்கப்போகிறாள். அவள் தலையும் அசையும். தான் எதிர்பார்த்த பதிலைத் தானே வரவழைத்துக்கொண்டு, "பார், நான் நினைத்தது சரி" என்று நம்பிவிடுவாள். அந்த ஒரு நூல் அசைவைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை முறைகளும். புதிய மருந்தைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாமல் வைப்பதும் இதற்காகத்தான்.

புள்ளியியலுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் ஒரு மாதக் காய்கறிச் செலவை நாள்வாரியாக எழுதித் தாருங்கள். சராசரி எவ்வளவு, ஒவ்வொரு நாளும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும். திட்ட விலக்கம் என்று பயமுறுத்துவது இவ்வளவுதான்.

22 ஆண்டுகளாக டியூஷன் நடத்துகிறேன். நல்ல மார்க் வாங்கியவனைப் பாராட்டினால் அடுத்த தேர்வில் இறங்குகிறான். குறைந்தவனை நாலு வார்த்தை திட்டினால் ஏறுகிறான். புத்தகத்தில் படித்ததல்ல, கண்ணால் பார்த்தது. பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று நீங்கள் எழுதுவது எப்படிச் சரியாகும்?
– ஆசிரியர், விருதுநகர்

நீங்கள் பார்த்தது உண்மை சார். ஏறியதும் உண்மை, இறங்கியதும் உண்மை. ஏற்றியது உங்கள் திட்டு என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1960-களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு டேனியல் கானமன் என்ற உளவியலாளர் வகுப்பெடுத்தார். பின்னாளில், 2002-ல், நோபல் பரிசு பெற்றவர். தண்டனையைவிடப் பாராட்டே நன்றாகக் கற்றுத்தரும் என்று அவர் சொன்னதும், மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து உங்கள் கேள்வியை அப்படியே கேட்டார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனிடம் கத்தினால் தேறுகிறான் என்றார். கானமன் அங்கேயே தரையில் ஓர் இலக்கை வரைந்து, ஒவ்வொருவரையும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, இரண்டு காசுகளை எறியவைத்தார்.

நான் என் வகுப்பில் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டேன். லேப் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். பிள்ளைகள் வரிசையாக வந்து திரும்பி நின்று, தோளுக்கு மேலாகக் கொட்டையை எறிவார்கள். வட்டத்தின் நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டு பேர் ஸ்கேல் வைத்து அளந்து கரும்பலகையில் எழுதுவார்கள். எல்லோரும் முடித்ததும் இரண்டாவது சுற்று.

ஒரு வருடம் ஒரு பெண்ணின் கொட்டை கிட்டத்தட்ட நடுவிலேயே விழுந்தது. வகுப்பே கை தட்டியது. அவளுடைய அடுத்த கொட்டை பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இன்னொருத்தி எறிந்தது ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது சுற்றில் அவளுடையது வட்டத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. முதல் சுற்றில் முன்னணியில் இருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் பின்னால் போயிருந்தார்கள், கடைசிப் பத்துப் பேரில் பெரும்பாலோர் முன்னேறியிருந்தார்கள். ஜன்னலில் எறிந்த பெண் தன் ரெக்கார்டு நோட்டில் முடிவுரையாக ஒரே வரி எழுதியிருந்தாள்: "என்னை யாரும் திட்டவில்லை."

தேர்வு மார்க்கில் பையனுடைய படிப்பும் இருக்கிறது, அன்றைய தினமும் இருக்கிறது. படித்த கேள்வி வந்திருக்கும், அல்லது முந்தின ராத்திரி காய்ச்சல் அடித்திருக்கும். வழக்கத்தைவிட மிக அதிகமாக வாங்கிய அன்று அதிர்ஷ்டம் அவன் பக்கம் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தேர்விலும் அது வந்து நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மிகக் குறைந்த நாளுக்கும் இதே கதைதான். சராசரி நோக்கித் திரும்புதல் என்று இதைச் சொல்கிறோம். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886-லேயே உயரத்தில் இதைக் காட்டினார்: ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிக்கு மேல் இருந்தாலும், பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு வளர்வதில்லை.

இது எனக்கு வெறும் கணக்கு இல்லை சார். குறைந்த மார்க்குக்குப் பிறகுதான் திட்டுகிறோம், அதற்கப்புறம் மார்க் எப்படியும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே திட்டியவருக்கு ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்ததாகத் தெரிகிறது. பாராட்டியவருக்கு ஒவ்வொரு முறையும் ஏமாற்றம். நம் ஊரில் எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் கடுகடுப்பானவர்களாக ஆனது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

சோதித்துப் பார்க்கலாம். சோதனைக்காகக்கூடத் திட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த தேர்வில் குறைந்த மார்க் எடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு தடவை காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து எங்கே தப்பு என்று பாருங்கள். பூ விழுந்தவனிடம் விடைத்தாளை மட்டும் கொடுங்கள். அடுத்த தேர்வுக்குப் பிறகு இவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டு கூட்டமும் அநேகமாக ஏறும். எந்தக் கூட்டம் கூடுதலாக ஏறியது என்று எனக்கு எழுதுங்கள். யாரை எந்தப் பக்கம் போடுவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யக்கூடாது, அதைக் காசு முடிவு செய்யட்டும்.

மருமகளுக்கு ஆறாம் மாதம். வயிற்றில் ஹெட்போன் வைத்து மொசார்ட் இசை போட்டால் குழந்தை அறிவாளியாகப் பிறக்கும் என்று மகன் ஒரு பேக்கேஜ் வாங்கியிருக்கிறான். அபிமன்யு கர்ப்பத்திலேயே கேட்டவன்தானே?
– குடும்பத் தலைவி, சேலம்

1993-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மொசார்ட் கேட்டதும், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்கிற வகைக் கேள்விகளில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலனும் போய்விட்டது. அதில் கர்ப்பிணியும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைப்பதிவு கொடுக்க அரசுப் பணம் கேட்டார்.

கர்ப்பத்தில் காது கேட்பது நிஜம். 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் அழகான ஒரு சோதனை செய்தார்கள். வாயில் ஒரு ரப்பர் காம்பு, காதில் ஹெட்போன். ஒரு விதமாக இடைவெளி விட்டுச் சப்பினால் அம்மாவின் குரல், வேறு விதமாகச் சப்பினால் வேறு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரலை வரவழைக்கிற மாதிரியே சப்பின. அந்த இடைவெளிதான் குழந்தைக்குச் சுலபமோ என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, சில குழந்தைகளுக்கு முறையை மாற்றியும் வைத்திருந்தார்கள். பேச்சு வராத பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய அந்த நேர்த்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஹெட்போனை எடுத்துவிடச் சொல்லுங்கள். மருமகள் வாய்விட்டுப் பேசட்டும், பிடித்த பாட்டைப் பாடட்டும்.

ஃபோனில் ஒரு ஆப் கேட்ட பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னதும் அது என் குணத்தைச் சொன்னது. அச்சு அசல் நான்தான்! எப்படி?
– மாணவர், நாகர்கோவில்

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவுத் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த, யாருக்கும் பொருந்துகிற வரிகள். உங்கள் முடிவையும் நண்பர்கள் நாலு பேருடையதையும் பெயரில்லாமல் கலந்து வையுங்கள். உங்களுடையதை எடுக்க முடிகிறதா, பாருங்கள்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்காக 120 பேரிடம் சர்வே எடுத்தேன். செல்ஃபோன் பயன்பாடு கூடினால் தனிமை உணர்வும் கூடும் என்பது என் கருதுகோள். கணக்குப் போட்டால் தொடர்பே வரவில்லை. "பத்துப் பேரை நீக்கிப் பார், வந்துவிடும்" என்கிறார் கைடு. நீக்கினால் வருகிறது. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம்

நீக்காதே கண்ணு.

பாதி கேள்விகளை விட்டுவிட்டவர்கள் படிவத்தை நீக்குவேன் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தால் நீக்கலாம். எத்தனை பேர், ஏன் என்று ஏட்டில் எழுதவும் வேண்டும். விடை பிடிக்கவில்லை என்று நீக்குவது வேறு.

என் முதுகலை ஆய்வேட்டில் 60 பேர். நாலு பேரை எடுத்தால் முடிவு "வருகிறது" என்றார்கள், எடுத்தேன். அந்த நாலில் ஒருத்தி என் ஹாஸ்டல் அறைத்தோழி. ராத்திரி வெகுநேரம் விழித்து, யோசித்து யோசித்துப் படிவத்தை நிரப்பித் தந்தவள். அந்தக் கறுப்பு காலிகோ பைண்டிங்கை இன்றும் வைத்திருக்கிறேன். அதை எடுக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான் வரும்.

2015-ல் 270-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, நல்ல இதழ்களில் வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 சதவீதம் முடிவு "வந்தவை". திரும்பச் செய்தபோது வந்தது 36 சதவீதம்தான். இதற்குக் காரணங்கள் பல உண்டு. பிடிக்காத விடையை ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அதில் ஒன்று. தொடர்பு இல்லை என்று நீ கண்டதும் ஒரு கண்டுபிடிப்புதான். உன் பின்னால் வருகிறவளுக்கு அது வேண்டும்.

120 பேரையும் வைத்துக்கொண்டு முடிவுகள் அத்தியாயத்தை எழுது. எழுதியதை இதழ் முகவரிக்கு அனுப்பு, நான் படிக்கிறேன். கைடிடம் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.