வடதுருவத்துல ஐஸ் உருகுதுன்னு வெங்காய நடவைத் தள்ளிப் போடணுமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் சார். வடதுருவத்துல ஐஸ் கொறைஞ்சதாலதான் மழை தாறுமாறா பெய்யுதுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு. புரட்டாசி நடவை கார்த்திகைக்குத் தள்ளிடவா?

பதில்: வேணாங்க. வீடியோ முழுப் பொய் இல்ல, ஆனா அது உங்க வயலை விட மகாராஷ்டிராவுல நாசிக் பக்கத்து வெங்காய விவசாயிகளுக்குத்தான் பொருந்தும்.

உச்சி வெயில்ல சுண்ணாம்பு அடிச்ச மாடியிலயும் தார் ரோட்டுலயும் செருப்பில்லாம நின்னு பாருங்க, அதான் சங்கதி. பனி மூடின ஐஸ் தன்மேல விழுற வெயில்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பிடும், அது உருகி கருப்பா கடல் தெரிஞ்சா 90 சதவீதத்துக்கு மேல உறிஞ்சி வச்சிக்கிட்டு அப்புறம் அந்த சூட்டை காத்துல விடும். 2012 செப்டம்பர்ல ஐஸ் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு சுருங்கிடுச்சு, 1979ல இருந்து சாட்டிலைட்ல அளந்ததுலயே அதான் கம்மி.

கோவாவுல இருக்குற தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்துக்காரங்க 2021ல ஒரு தொடர்பு காட்டுனாங்க. ரஷ்யாவுக்கு வடக்க இருக்குற காரா கடல்ல கோடையில ஐஸ் கொறைஞ்சா, உசரத்துல ஓடுற காத்தோட போக்கு ஐரோப்பாவுல இருந்து ஆசியா வரைக்கும் மாறுது, அந்த நேரம் அரபிக்கடலும் சூடா இருந்துட்டா செப்டம்பர் கடைசியில இந்தியாவோட மேற்கு, மத்திய பகுதியில கொட்டித் தீக்குது. அதையும் 'இருக்கலாம்'னுதான் சொல்றாங்க, அடிச்சு சொல்லல.

2019 ஞாபகம் இருக்கா? செப்டம்பர்ல நாடு முழுக்க வழக்கத்தை விட பாதி மடங்கு கூடுதல் மழை, மகாராஷ்டிராவுல வெங்காயம் வயல்லயே அழுகி, 29ந்தேதி ஏற்றுமதிக்கே தடை போட்டாங்க, அப்புறம் கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சு. அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கமும் நல்லா சூடா இருந்துச்சு, அதனால பழியை ஐஸ் மேல மட்டும் போட்டுட முடியாது.

உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில வர்றது வடகிழக்குப் பருவமழை. அதுக்கு எல் நினோவையும் (பசிபிக் பெருங்கடல் வழக்கத்தை விட சூடாகுறது) வங்கக்கடல்ல உருவாகுற காற்றழுத்தத் தாழ்வையும் பாருங்க, நடவுக்கு முன்னாடி வானிலை மையத்தோட வாராந்திர அறிவிப்பு போதும். உண்மையான எதிரி பாத்தியில நிக்கிற தண்ணி, அதுலதான் திருகல் நோயும் அழுகலும் வருது. மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் எடுங்க, ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடிய (நோயைத் தடுக்குற நல்ல பூஞ்சை) மக்கின தொழுவுரத்துல கலந்து கடைசி உழவுல போடுங்க.

இன்னொண்ணு, நாசிக் பக்கம் செப்டம்பர்ல மழை ஊத்துதுன்னு கேள்விப்பட்டா சேமிப்புப் பட்டறையில இருக்குற வெங்காயத்தை அவசரப்பட்டு வித்துடாதீங்க, 2019 மாதிரி அங்க பயிர் அழுகினா வெலை ஏறலாம்.